சமம் என்றால் ஒரே மாதிரியா? பாலின நீதி பற்றிய விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஆணும் பெண்ணும் ஒன்றா?” என்று கேட்டு, “இல்லை” என்ற பதிலோடு சமத்துவப் பேச்சையே முடித்துவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். ஒன்றுபோல இருப்பது உடலைப் பற்றிய செய்தி. சமம் என்பது மதிப்பையும் உரிமையையும் பற்றிய கோரிக்கை. உயரத்தில் வேறுபடும் இருவருக்கும் ஆளுக்கொரு வாக்கு இருப்பதை யாரும் முரண்பாடு என்பதில்லை.

எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்தாற்போல நடத்தினால் நீதி வந்துவிடும் என்று நம்புவோரும் இதே குழியில்தான் விழுகிறார்கள். உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான கலிஃபோர்னியாவின் காப்பீட்டுத் திட்டம் இயல்பான கர்ப்பத்தை விலக்கியிருந்தது. அது பாலினப் பாகுபாடு ஆகாது என்று 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டம் மக்களைக் கர்ப்பிணிகள், மற்றவர்கள் என்றே பிரிக்கிறது. மற்றவர்களில் பெண்களும் உண்டே என்பது நீதிமன்றத்தின் வாதம். முதல் பிரிவில் பெண்கள் மட்டுமே இருந்ததை அந்த வாதம் பொருட்படுத்தவில்லை.

“இயற்கையே அப்படித்தான்” என்பது அடுத்தது. ஒன்று இருக்கிறது என்பதாலேயே அது இருக்க வேண்டும் என்றாகிவிடாது. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே இதை எச்சரித்துவிட்டார்.

என்னை அதிகம் உறுத்துவது, நீதியை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடும் பழக்கம். தன் செல்வம், தகுதி, இடம் எதுவும் தெரியாதபடி மறைக்கும் ஒரு கற்பனைத் திரைக்குப் பின் நின்று சமூக விதிகளை வகுக்கச் சொன்னார் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ், 1971இல். மகத்தான யோசனை. ஆனால் அந்தத் திரை மறைப்பவற்றின் பட்டியலில் பாலினம் இல்லை. விதி வகுப்போர் குடும்பத் தலைவர்களாகவே கருதப்பட்டார்கள். 1989இல் இதைச் சுட்டிக்காட்டிய பெண்ணிய அறிஞர் சூசன் மோலர் ஓகின், கோட்பாட்டைத் தூக்கி எறியவில்லை. அந்தத் திரையை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். ஆணாக இருப்போமா பெண்ணாக இருப்போமா என்று தெரியாத நிலையில், சமையலும் பிள்ளை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் ஒருவர் தலையிலேயே விழும் ஏற்பாட்டுக்கு யார் சம்மதிப்பார்?

“அவளே விரும்பித்தானே ஏற்றுக்கொண்டாள்” என்ற பதில் உடனே வரும். நெடுங்காலம் இல்லாமையில் வாழ்பவர்கள் கிடைப்பதற்கேற்ப ஆசையையும் சுருக்கிக்கொள்கிறார்கள் என்று அமர்த்தியா சென் விளக்கியிருக்கிறார். முறையிடாததாலேயே அநீதி இல்லை என்று கொள்ள முடியாது. அதற்காக, ஒரு பெண் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அறியாமை என்று ஒதுக்குவதும் அவமதிப்பே. அவள் மனத்தை ஆராய்வதைவிட, மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள்: வருமானம் நின்றிருக்குமா? பிள்ளைகளைப் பிரிய நேர்ந்திருக்குமா? அன்றிரவு தங்க ஓர் இடம் இருந்திருக்குமா?