மழை கூடினால் மரமும் கூடுமா? சவன்னாவைப் பற்றிப் போடும் தப்புக் கணக்குகள்

புல்லுக்கு நடுவே அங்கங்கே மரங்கள் நிற்கும் வெப்பமண்டல நிலம்தான் சவன்னா. மழை மாறினால் அங்குள்ள மரங்கள் என்ன ஆகும் என்று பேசும்போது பலரும் வழுக்குவது ஒரே இடத்தில்தான்: ஆண்டு மழையளவை மட்டும் பார்ப்பது.

ஆப்பிரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட இடங்களின் தரவுகளை வைத்து 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்டு மழை சுமார் 650 மி.மீ.க்குக் கீழே இருந்தால், மரம் அதிகபட்சம் எவ்வளவு அடரலாம் என்பதை மழையே தீர்மானிக்கிறது என்றது அது. இதை 'அவ்வளவு மரம் இருக்கும்' என்று படித்துவிடக் கூடாது. அது உச்சவரம்பு மட்டுமே. 650 மி.மீ.க்கு மேல் மழை பெறும் இடங்களில் மரங்கள் அடர்ந்து நிலத்தை மூடிக்கொள்ளாமல் தடுப்பவை தீயும் மேயும் விலங்குகளும்.

தீயை மறப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. நல்ல மழை பெய்தால் புல் மதமதவென்று வளரும். வறண்ட மாதங்களில் அதுவே காய்ந்து தீக்கு இரையாகும். தீநாக்குக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் இளமரங்களின் தண்டு கருகும், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும், அடுத்த தீயில் மறுபடி கருகும். பல ஆண்டுகள் இப்படியே குட்டையாக நிற்கும் மரங்கள் உண்டு. மழை கொட்டிய ஆண்டே மரத்துக்குப் பகையாக முடிவது இப்படித்தான்.

சரி, மொத்த மழை மாறவே இல்லை, பெய்யும் விதம் மட்டும் மாறுகிறது என்றால்? சிறு தூறல்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே புல்வேருக்கும் வெயிலுக்கும் போய்விடும். பெருமழையோ மணற்பாங்கான நிலத்தில் ஆழமாக இறங்கி மரவேருக்கு எட்டும். உடனே 'கனமழை மரத்துக்கு நல்லது' என்று எழுதிவிட வேண்டாம். களிமண்ணில் அதே மழை வழிந்தோடிவிடலாம். இரு மழைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டால், வளர்ந்த மரம் தாங்கும், வேர் இறங்காத கன்று தாங்காது.

மரம் கூடியதற்கெல்லாம் மழையைக் காரணம் காட்டுவதும் சரியல்ல. கூடும் கரியமில வாயு மரங்களுக்குச் சாதகம். கால்நடைகள் புல்லை ஒட்ட மேய்ந்துவிட்டால் எரிய எதுவும் மிஞ்சாது, அப்போதும் புதர் மண்டும்.

அப்புறம், ஒப்பிடத் தொடங்கும் ஆண்டு. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதியில் 1980-களின் முற்பாதி கடும் வறட்சிக் காலம். 1984-இல் தொடங்கினால் எல்லாம் பசுமையாகி வருவதாகத் தோன்றும். மழை நிறைந்த 1950-களில் தொடங்கினால் அதே நிலத்தின் கதை வேறு.