மழைநீரின் அமிலத்தை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

திடலில் ஒரு வாளி, ரப்பர் மரத்தடியில் ஒரு வாளி, மழை விட்டதும் பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) பார்ப்பது. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்துப் பிள்ளைகள் அறிவியல் விழாவுக்கு எடுக்க நல்ல சோதனைதான். ஆனால் பெரும்பாலும் மழைக்கு முன்னே பாத்திரமே எண்ணைக் கெடுத்துவிடுகிறது.

தோட்டத்தில் சுலபமாகக் கிடைப்பது பால் மங்கு, அதாவது ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம். அதைத் தொடவே வேண்டாம். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் ஒட்டியிருக்கலாம். தகரக் கூரை வழிந்த நீரும் ஆகாது. புது பிளாஸ்டிக் வாளி போதும், கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். குழாய் நீர்த் துளிகள் ஒட்டியிருந்தாலே கணக்கு மாறும், மழைநீர் அவ்வளவு நோஞ்சான். மழை தொடங்கும்வரை மூடியே வையுங்கள். ஈப்போ வரைக்கும் சுண்ணாம்புக் குன்றுகளும் கல்லுடைப்பும் உள்ள பகுதி இது. அந்த வெள்ளைத் தூசி வாளியில் படிந்தால் அமிலத்தை முறித்துவிடும்.

7-க்குக் கீழே வந்ததும் ‘அமில மழை’ என்று கூவுகிறார்கள். காற்றின் கரியமில வாயு கரைவதாலேயே சுத்தமான மழையும் 5.6 அளவில்தான் இருக்கும். லிட்மஸ் தாள் இதற்கு உதவாது. பிஎச் மீட்டரை, பிஎச் 4, 7 என்று உறுதியாகத் தெரிந்த கரைசல்களில் சரிபார்த்து, அப்புறம் பொறுமையாக இருங்கள். மழைநீர் மாதிரி உப்பு குறைந்த நீரில் எண் சட்டென்று நிற்காது: 6.1 காட்டும், 5.8-க்கு இறங்கும், இன்னும் ஊர்ந்துகொண்டே இருக்கும். முதல் எண்ணை எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கவும் கூடாது. நுண்ணுயிர்கள் கரிம அமிலங்களைத் தின்றுவிடும்.

மரத்தடிக் கணக்கு வேறு. இலையில் படிந்த தூசியும் உரத்தூளும் கழுவி இறங்கும், இலையே பொட்டாசியமும் கால்சியமும் கசியவிடும். அதனால் அகன்ற இலை மரங்களின் கீழே அமிலம் பல நேரம் குறைந்தே இருக்கும். அதைப் பார்த்து மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரே வாளியை நம்புவதுதான் பெரிய தப்பு. ஒரு கிளை நுனியில் கொட்டும், இரண்டு அடி தள்ளிச் சொட்டே விழாது. ஐந்தாறு வாளிகளை வெவ்வேறு தூரத்தில் வையுங்கள், தண்டில் வழியும் நீரைக் கலக்காமல். இலையுதிர் காலத்து அளவையும் தழைத்த காலத்து அளவையும் ஒரே பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

சரி, சராசரிக்கு வருவோம். பிஎச் 4-ம் 6-ம் சேர்ந்தால் சராசரி 5 அல்ல, ஏறத்தாழ 4.3. பிஎச் ஒன்று இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும். ஆகவே ஹைட்ரஜன் அயனிச் செறிவாக மாற்றிச் சராசரி எடுத்து, மறுபடி பிஎச் ஆக்க வேண்டும். வாளிகளில் நீரின் அளவு வேறுபட்டால், ஒவ்வொரு செறிவையும் அந்த வாளியின் நீர் அளவால் பெருக்கிக் கூட்டி, மொத்த நீரால் வகுங்கள்.