ஆகஸ்டில் எந்த பயாலஜி? பார்மசிக்குத் தயாராகும் மலைப் பிள்ளைகளுக்கு

அமெரிக்காவிலிருந்து லீவுக்குக் குன்னூர் வந்தால் இரண்டாம் நாளே யாராவது ஒரு கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். இந்த மே மாதம் வந்தவர் கீழ்வீட்டுப் பாட்டி. பேத்தி இங்கே பிளஸ் டூ முடித்துவிட்டு அப்பா அம்மாவோடு நியூ ஜெர்சி போய் மூன்று மாதம் ஆகிறது. "பார்மசிதான் படிப்பேன்னு நிக்கிறா. பயாலஜியிலயே இருபது பாடம் இருக்காம், எதை எடுக்கிறதுன்னு தெரியலையாம். நீ அங்க மருந்து குடுக்கிற வேலையிலதான இருக்க, கொஞ்சம் பேசும்மா" என்றார். அன்று ராத்திரி அவளோடு ஒரு மணி நேரம் பேசினேன். இதே குழப்பத்தோடு ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கமிருந்து போய் இறங்கியிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

ஊட்டியில் ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரியில் சேர பிளஸ் டூ போதும். அமெரிக்காவில் பார்மசிஸ்ட் ஆவதற்கான பார்ம்.டி. பட்டம் பெரும்பாலும் நான்கு வருடத் தொழிற்படிப்பு. அதற்கு முன்னால் குறைந்தது இரண்டு வருடமாவது கல்லூரியில் படித்து, அவர்கள் கேட்கும் பாடங்களை முடித்திருக்க வேண்டும். நான்கு வருட டிகிரியையே முடித்துவிட்டுச் சேருகிறவர்களும் நிறையப் பேர். பள்ளி முடித்த கையோடு சேர்த்துக்கொள்ளும் ஆறு வருடப் படிப்பும் சில இடங்களில் உண்டு. முன்பு பீகேட் என்றொரு நுழைவுத் தேர்வு இருந்தது, 2024 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தேர்வுக்கான பழைய புத்தகங்களை யாராவது அன்போடு கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த நேரத்தைப் பாடங்களில் செலவழியுங்கள், இப்போது உங்களைப் பற்றிப் பேசப்போவது அங்கே வாங்கும் கிரேடுதான்.

கேட்கும் பாடங்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஜெனரல் பயாலஜி லேபோடு இரண்டு செமஸ்டர், ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டு, கணக்கு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆங்கிலம். இவ்வளவும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரும். அனாட்டமி-பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றையும் பல கல்லூரிகள் கேட்கின்றன. இதற்கு மேல் "அட்வான்ஸ்டு பயாலஜி இத்தனை கிரெடிட்" என்று சில கல்லூரிகள் எழுதியிருக்கும். குழப்பம் தொடங்குவது அந்த ஒரு வரியில்தான்.

நான் அவளிடம் முதலில் சொன்னது, பயாலஜியைத் தேர்ந்தெடுக்கக் கெமிஸ்ட்ரியிலிருந்து தொடங்கு என்பது. ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டும் முடிந்தால்தான் ஆர்கானிக். ஆர்கானிக் முடிந்தால்தான் பயோகெமிஸ்ட்ரி. கல்லாறு முதல் குன்னூர் வரை நம் மலை ரயில் பல்சக்கரத்தில் ஏறுகிற மாதிரி, ஒரு பல்லைத் தாண்டி அடுத்ததைப் பிடிக்க முடியாது. முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியைத் தள்ளிப் போட்டால் ஒரு வருடமே தள்ளிப் போகலாம். ஆகவே ஒரு தாளில் செமஸ்டர்களைக் கட்டம் போட்டு, கெமிஸ்ட்ரி வரிசையை முதலில் நிரப்புங்கள். மிச்சமிருக்கும் கட்டங்களில்தான் பயாலஜிக்கு இடம்.

ஆர்கானிக் என்றாலே பயப்படுகிறார்கள். நமக்கு அது அந்நியமான பாடமே இல்லை. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வெள்ளைக்காரர்கள் சின்கோனா நட்டது மலேரியாவுக்குக் கொய்னா (குயினைன்) எடுக்க. அதே பட்டையில் குயினிடின் என்று இன்னொரு பொருளும் இருக்கிறது. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே, அவை முப்பரிமாணத்தில் திரும்பி நிற்கும் விதம் மட்டும் வேறு. ஒன்று மலேரியாவுக்கு மருந்து, மற்றொன்று இதயத் துடிப்பு தாறுமாறாவதற்குக் கொடுக்கப்பட்டது. ஸ்டீரியோகெமிஸ்ட்ரி வகுப்பில் எல்லோரும் பிளாஸ்டிக் உருண்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது எனக்கு நடுவட்டம்தான் ஞாபகம் வந்தது.

சரி, மேல்நிலை பயாலஜிக்கு வருவோம். ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் ஹ்யூமன் பிசியாலஜி, அதாவது மனித உடம்பு இயங்கும் விதம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலையில் தினமும் எனக்கு உதவுவது அந்தப் பாடம்தான். ஒரு முதியவருக்கு ஆன்டிபயாட்டிக் டோஸ் சரிபார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது, கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை. கிட்னி எவ்வளவு வேகமாக மருந்தை வெளியேற்றும் என்று தெரியாமல் டோஸைச் சரி என்று சொல்ல முடியாது. நெஃப்ரான் படத்தைப் பிளஸ் டூவில் எல்லோரும் வரைந்திருப்போம். அந்தப் படத்தில் எந்த இடத்தில் எந்த நீர்மாத்திரை வேலை செய்கிறது என்று கேட்கும் நாள் பார்மசி கல்லூரியில் வரும். இதயம், கிட்னி, நரம்பு, ஹார்மோன் நான்கையும் முன்கூட்டியே உள்வாங்கியவர்களுக்கு அங்கே பார்மகாலஜி, அதாவது மருந்து உடம்பில் வேலை செய்யும் விதம், கதை மாதிரி போகும்.

இரண்டாவதாக நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய இம்யூனாலஜியைச் சொல்வேன். அமெரிக்காவில் பார்மசிஸ்ட்டுகளே தடுப்பூசி போடுகிறார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கியது, வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காக. சிம்ஸ் பார்க் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாய்க்கடிக்கு வரும் ஒருவருக்கு வாக்சினோடு இம்யூனோகுளோபுலினும் ஏன் தேவைப்படலாம், முன்னது உடம்புக்குச் சொல்லிக்கொடுப்பது, பின்னது தயாரான ஆன்டிபாடியைக் கையில் கொடுப்பது என்ற வித்தியாசம் இந்தப் பாடத்தில்தான் தெளிவாகும். பெயரின் கடைசியில் 'மாப்' என்று முடியும் புதிய மருந்துகள் இப்போது குவிகின்றன. அவையெல்லாம் ஆன்டிபாடிகள்.

ஜெனடிக்ஸ் அடுத்தது. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் பண்பு, அதாவது ரத்தச் சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்கும் ஜீன், இருப்பதைப் பதிவு செய்தார்கள். கூடலூர்ப் பக்கம் அரிவாள் செல் ரத்தசோகையோடு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஜீன் மாறினால் நோய் வருகிறது, அது ஒரு பக்கம். ஒரு ஜீன் மாறினால் மருந்தே வேலை செய்யாமல் போவது இன்னொரு பக்கம். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் என்ற மாத்திரையைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். அவர்களுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு அந்த மாத்திரையை மட்டும் நம்ப முடியாது.

மைக்ரோபயாலஜியைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் நிலை அநேகமாக வராது, கட்டாயப் பாடமாகவே இருக்கும். செல் பயாலஜி, மாலிக்யூலர் பயாலஜி இரண்டில் ஒன்று போதும். இகாலஜி, தாவரவியல் நல்ல பாடங்கள்தான். மலையில் வளர்ந்த எனக்கு அவற்றில் ஆசையும் இருந்தது. ஆனால் அந்த "அட்வான்ஸ்டு" வரிக்குள் அவற்றைப் பல கல்லூரிகள் சேர்க்காது.

இப்போது நான் பட்டது. முதல் வருடம் ஒரு கல்லூரியில் மைக்ரோபயாலஜி எடுத்தேன், ஏ கிரேடும் வாங்கினேன். பார்மசிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்தது, அது அறிவியலை முக்கியப் பாடமாக (மேஜர்) எடுக்காதவர்களுக்கான எளிய வடிவம், செல்லாது. வழிகாட்டிய அட்வைசர் அதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மறுபடி பணம் கட்டி, மறுபடி ஒரு செமஸ்டர். அப்பாவிடம் போனில் சொல்லும்போது அழுதுவிட்டேன். நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது. பதிவு செய்வதற்கு முன், சேர விரும்பும் நான்கைந்து பார்மசி கல்லூரிகளின் அட்மிஷன் அலுவலகத்துக்குப் பாடத்தின் எண்ணோடு மெயில் போட்டு, "இது ஏற்கப்படுமா, லேப் வேண்டுமா" என்று கேளுங்கள். வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பாட எண்ணில் ஒரு குறிப்பு இருக்கிறது. பல கல்லூரிகளில் 100, 200 என்று தொடங்குபவை கீழ்நிலை, 300, 400 மேல்நிலை. இரண்டு வருடக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் குறைவு. ஜெனரல் பாடங்களையும் அனாட்டமி-பிசியாலஜியையும் அங்கே முடிக்கலாம், நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். ஆனால் இம்யூனாலஜி மாதிரி மேல்நிலைப் பாடங்களுக்குப் பொதுவாக நான்கு வருடக் கல்லூரிக்குத்தான் மாற வேண்டும். அறிவியல் பாடங்கள் இத்தனை வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று சில கல்லூரிகள் எல்லை வைக்கின்றன, நடுவில் வேலைக்குப் போக நினைப்பவர்கள் கவனியுங்கள்.

ஒரு செமஸ்டரில் லேப் உள்ள பாடம் இரண்டுக்கு மேல் வேண்டாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்கள் இளநிலையில் 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும், மிச்சத்தை ஆங்கிலம், கணக்கு போன்றவற்றால் நிரப்புங்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் முதல் மாதம் திணறுவீர்கள். நானும் சவ்வூடு பரவல் என்று மனதில் சொல்லிக்கொண்டுதான் ஆஸ்மோசிஸ் எழுதினேன். விஷயம் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும், பெயர்தான் புதிது. ஒரு நோட்டில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். 'ஆபீஸ் ஹவர்' என்று பேராசிரியர் ஒதுக்கும் நேரத்துக்குக் கூச்சப்படாமல் போங்கள், அது உங்களுக்காகவே வைத்திருப்பது.

இங்கே பி.பார்ம். முடித்துவிட்டு வந்தவர்களுக்கு வழி வேறு. வெளிநாட்டுப் பார்மசி பட்டதாரிகளுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் சான்றிதழுக்கு, 2003 ஜனவரி 1 முதல் பட்டம் வாங்கியவர்கள் ஐந்து வருடப் பார்மசி படிப்பு முடித்திருக்க வேண்டும். நம் பி.பார்ம். நான்கு வருடம்தான், அது மட்டும் போதாது. விசா செலவு செய்வதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாட்டியின் பேத்தி நேற்று தன் கட்டத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஆகஸ்டில் தொடங்கும் முதல் செமஸ்டரில் ஜெனரல் பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆங்கிலம், கணக்கு. பிசியாலஜியை மூன்றாம் வருடத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப் ஆக எடுத்து வை, கல்லூரி மாறும்போது அதைத்தான் கேட்பார்கள் என்று பதில் போட்டேன்.