அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில் வந்தால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்

புதிதாக வந்த நம்மவர்கள் பலர், ஆஸ்பத்திரியிலிருந்து பில் வந்த அன்றைக்கே கார்டில் கட்டிவிடுகிறார்கள். கடன் வைக்கக் கூடாது என்ற எண்ணம் ஒரு பக்கம், விசாவில் இருக்கிறோமே, வம்பு எதற்கு என்ற பயம் இன்னொரு பக்கம். கொஞ்சம் பொறுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து இஓபி என்ற விவரத்தாள் வரும். ‘இது பில் அல்ல’ என்று அதிலேயே போட்டிருக்கும். ஆஸ்பத்திரி கேட்டது எவ்வளவு, இன்சூரன்ஸ் கொடுத்தது எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். பில்லில் உள்ள தொகை உங்கள் பங்கைவிட அதிகம் என்றால், கட்டுவதற்கு முன் போன் போட்டுக் காரணம் கேளுங்கள்.

அப்படிக் கேட்க உங்களுக்குச் சட்டமே துணை இருக்கிறது. எதிர்பாராத பெரிய பில்லிலிருந்து நோயாளியைக் காக்கும் நோ சர்ப்ரைசஸ் ஆக்ட் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. கம்பெனி வழியாகவோ, நீங்களே வாங்கியோ வழக்கமான ஹெல்த் இன்சூரன்ஸ் இருந்தால் போதும். எமர்ஜென்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், அது உங்கள் நெட்வொர்க்கில், அதாவது உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்பந்தம் போட்டிருக்கும் ஆஸ்பத்திரி, டாக்டர் பட்டியலில் இல்லாவிட்டாலும், நெட்வொர்க்கில் இருந்தால் எவ்வளவு தருவீர்களோ அவ்வளவுதான் உங்கள் பங்கு.

பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி, டாக்டர் எல்லாம் நெட்வொர்க்கா என்று மாதக்கணக்கில் பார்த்து வைத்திருப்பீர்கள். வலி வந்த இரவில், வலியைக் குறைக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட வந்த மயக்க மருந்து டாக்டர் மட்டும் நெட்வொர்க்குக்கு வெளியே இருப்பார். முன்பெல்லாம் அவரிடமிருந்து தனியாக ஒரு பெரிய பில் வரும். இப்போது அவர் அப்படி அனுப்பக் கூடாது. எக்ஸ்ரே, ஸ்கேன், லேப் டாக்டர்களுக்கும் இதே விதிதான். இவர்களுக்காக உங்கள் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கையெழுத்து கேட்பதற்கும் அனுமதி இல்லை. வேறு சில டாக்டர்கள் முன்கூட்டியே அப்படி ஒரு படிவம் தரலாம். படிக்காமல் போட்டுவிடாதீர்கள், கையெழுத்திட்டால் முழுத்தொகையும் உங்கள் தலையில் விழலாம்.

ஓட்டைகளும் உண்டு. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்குப் பொருந்தும் இந்தச் சட்டம், சாலையில் ஓடும் ஆம்புலன்ஸுக்குப் பொருந்தாது. எனக்கு இதில் இன்னும் கோபம்தான். சில மாநிலங்கள் மட்டும் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. வழக்கமான கிளினிக் விசிட்டுக்கும் நெட்வொர்க்கை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸை நம்பி இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள்.

இன்சூரன்ஸே இல்லாதவர்கள் சிகிச்சைக்கு முன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொடுத்தாக வேண்டும். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், 120 நாளுக்குள் அரசிடம் முறையிடலாம்.

சந்தேகம் வந்தால் 1-800-985-3059, இது அரசின் உதவி எண். பேசுபவரின் பெயர், தேதி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பங்குத்தொகையே கட்ட முடியாத அளவுக்கு இருந்தால், லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரிகள் நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பில் பிரிவில் அதற்கான விண்ணப்பத்தைக் கேளுங்கள். அவர்களாக எடுத்துச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.