அப்கிரேட் செய்தபின் சேர்வரின் நெட்வேர்க் விட்டுவிட்டு அறுகிறதா? செய்யக்கூடாதவை

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும் நேரம் பார்த்து சேர்வரின் இயங்குதளமான உபுண்டுவை 22.04 பதிப்பிலிருந்து 24.04 க்கு ஏற்றியாயிற்று. சேர்வரும் ஒழுங்காக எழும்பிவிட்டது. திங்கள் காலை எல்லோரும் வேலையில் இறங்கிய பிறகுதான் கூத்துத் தொடங்கும். பைல் பாதியில் நிற்கும், பில் போடும் திரை உறையும், ஒரு நிமிடத்தில் தானே சரியாகும். முழுதாக அறுந்த இணைப்பில் பழுதைப் பிடிப்பது சுலபம். இப்படி வந்து வந்து போவதுதான் ஆளை அலைக்கழிக்கும்.

உடனே ரீஸ்டார்ட் பண்ணுவது முதல் தவறு. காய்ச்சலுக்குப் பனடோல் போட்ட மாதிரி கொஞ்ச நேரம் தணியும், ஆனால் எதனால் வந்தது என்ற தடயம் போய்விடும். சில நிறுவல்களில், நடப்பதை மெஷின் குறித்துவைக்கும் ஜேர்னல் பதிவுகள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், மெஷின் நின்றால் அழிந்துவிடும். ஆகவே அறுந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அதே நிமிடத்தில் கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அந்தப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, இணைய நிறுவனத்துக்குப் போன் எடுத்து ‘லைன் பிழை’ என்று சண்டை பிடிப்பது. சில நேரம் லைன்தான் பிழை, மறுக்கவில்லை. ஆனால் அதை நிரூபிக்கக் கால் மணி நேரம் போதும். சேர்வரிலிருந்து ஒரே நேரத்தில் மூன்று பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று கேட்கும் கட்டளை) ஓடவிடுங்கள்: ரவுட்டருக்கு ஒன்று, அதே சுவிச்சில் கொழுவிய இன்னொரு கணினிக்கு ஒன்று, வெளியே கூகிளின் 8.8.8.8 க்கு ஒன்று. வெளியே போவது மட்டும் விழுந்தால் போன் எடுக்கலாம். மூன்றும் ஒன்றாக விழுந்தால் பழுது உங்கள் சுவருக்குள்ளேதான்.

சுவருக்குள் என்றால் கேபிளை விட்டுவிட்டு மென்பொருளில் மட்டும் தேடாதீர்கள். அப்கிரேட் நாளில்தான் பெட்டியை இழுத்துத் தூசி தட்டுவோம், கேபிளைக் கழற்றி மாட்டுவோம். நெட்வேர்க் கார்ட்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளை வேகத்தை 1000 என்று காட்டாமல் 100 என்று காட்டினால் கம்பிச் சோடி ஒன்று தொடவில்லை என்று சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 க்கு, நான்கு சோடியும் வேண்டும், 100 க்கு இரண்டே போதும். யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர் போலக் கடற்காற்று அடிக்கும் பக்கங்களில் பிளக்கின் கால்களில் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐப்பசி இடிமின்னலில் அடிவாங்கிய போர்ட் அரைகுறையாக வேலை செய்வதும் உண்டு. வழியில் சிதைந்துவந்த தரவைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் உபுண்டுவைத் திட்டுவதில் பயனில்லை.

கேபிள் சரி என்றால் பழைய கேர்னலில் எழுப்பிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது. மெஷின் எழும்பும்போது வரும் கிரப் மெனுவின் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் பழைய 5.15 இன்னும் இருக்கும். அதில் அரை நாள் அறாமல் ஓடி, புதிய 6.8 இல் அறுந்தால் சந்தேகம் நெட்வேர்க் கார்ட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் விழுகிறது. ஆனால் அப்கிரேட் முடிந்த கையோடு, தேவையற்றதை நீக்கும் ‘ஓட்டோரிமூவ்’ அடித்தால் அந்தப் பழைய கேர்னலும் போய்விடக்கூடும். ஒரு கிழமையாவது பொறுக்கலாம்.

டிரைவர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மூரில் சேர்வர் என்ற பெயரில் மேசைக்கடியில் நிற்பது பல இடங்களில் ஒரு செகண்ட்ஹாண்ட் ஆபீஸ் கணினி. அதிலுள்ள கார்ட் இன்ரெல் ஐ217, ஐ218, ஐ219 வகையாக இருந்தால் அதை ஆள்வது ஈ1000ஈ டிரைவர். பெரிய பைல்களை அனுப்பும்போது தரவைத் துண்டு போடும் வேலையைக் கேர்னல் கார்ட்டிடமே விட்டுவிடும்; அந்த வசதிக்கு டிஎஸ்ஓ என்று பெயர். சில கேர்னல்களில் இந்த ஏற்பாடு சிக்கி, கார்ட் உறைந்து, தானே ரீசெட் ஆகும். பதிவில் ‘டிடெக்டட் ஹார்ட்வெயார் யூனிட் ஹாங்’ என்ற வரி இருந்தால் இதுதான். ஈத்டூலால் டிஎஸ்ஓவையும் அதன் கூட்டாளியான ஜிஎஸ்ஓவையும் நிறுத்திப் பாருங்கள். வேலை சிபியு மேல் விழும்தான், சின்ன அலுவலகத்தில் அது தெரியவே தெரியாது. ரீஸ்டார்ட்டில் இந்த மாற்றம் போய்விடும் என்பதால், சரிவந்தால் நெட்வேர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பிலும் எழுதிவிடுங்கள்.

ரியல்ரெக் கார்ட் என்றால் கதை வேறு. தனியாக நிறுவிய டிரைவர் புதிய கேர்னலுக்குக் கட்டுப்படாமல் போய், கேர்னலின் சொந்த டிரைவர் சத்தமில்லாமல் இடம்பிடித்திருக்கலாம். எது ஓடுகிறது என்று எல்எஸ்பிசிஐ கட்டளை, -k சேர்த்து அடித்தால், காட்டும்.

எங்கோ பார்த்த ஐந்து வைத்தியத்தையும் ஒரே மூச்சில் செய்வது இன்னொரு தவறு. ஐபிவி6 ஐ நிறுத்து, மின்சேமிப்பை நிறுத்து, ஃபயர்வோலைக் கழற்று என்று எல்லாவற்றையும் செய்தபின் சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், ஒரு வேலைநாள் ஓடவிடுங்கள், குறித்துவையுங்கள். ஃபயர்வோலைக் கழற்றச் சொல்பவரை நான் நம்புவதே இல்லை.

யாரும் நினைக்காத ஒன்று, இரட்டை ஐபி: ஒரே நெட்வேர்க் முகவரி எண் இரண்டு கருவிகளிடம் இருப்பது. சேர்வருக்குக் கையால் 192.168.1.50 கொடுத்திருப்பீர்கள், ரவுட்டரோ அதே எண் அடங்கிய வரிசையிலிருந்துதான் போன்களுக்கும் கொடுக்கும். சில ரவுட்டர்கள் கொடுக்குமுன் அந்த எண்ணில் ஆள் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். சேர்வர் எப்போதும் பதில் சொன்னதால் இவ்வளவு நாளும் தப்பினீர்கள். அப்கிரேட் நேரத்தில் அது வாய்மூடியிருந்த சமயம் எண் யாரோ ஒருவருடைய போனுக்குப் போய்விட்டது. அந்தப் போன் வைஃபையில் வரும்போதெல்லாம் சேர்வர் தடுமாறும், ஆள் சாப்பிடப் போனால் சரியாகும். வேறு கணினியிலிருந்து ஆர்பிங் கட்டளை அடித்து, ஒரே எண்ணுக்கு இரண்டு மாக் முகவரி (கருவிக்குக் கருவி மாறும் வன்பொருள் எண்) பதில் சொல்கிறதா என்று பாருங்கள். சேர்வரின் எண்ணை அந்த வரிசைக்கு வெளியே எடுத்துவிட்டால் தீர்ந்தது.

கடைசியாக, தூரத்திலிருந்து கைவைப்பவர்களுக்கு. இங்கே ஓடும் சேர்வரைப் பார்ப்பது பல நேரம் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் அண்ணாதான். தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வழியாக வந்து நெட்பிளான் ‘அப்ளை’ அடித்து, தன்னையே வெளியே பூட்டிக்கொள்வார். ‘டிரை’ என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது: 120 வினாடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பும். ஆனால் பல நெட்வேர்க் போர்ட்களை இணைக்கும் பிரிட்ஜ், பொண்ட் அமைப்புகளின் அளவுருக்களை அது திருப்பித் தராது. அவற்றைத் தொடுவதென்றால் திரையும் கீபோர்டும் கொழுவி ஒருவர் சேர்வர் பக்கத்தில் நிற்க வேண்டும், அங்கே நடுராத்திரியாக இருந்தாலும் இங்கே அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில்தான் அந்த வேலை.