பழைய ராணுவ ரைஃபிள் எந்த நாட்டுடையது?

கட்டையைப் பார்க்காதீர்கள், இரும்பைப் பாருங்கள். குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழலின் பின்முனையிலும் போல்ட் (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) ஓடும் பெட்டியிலும் அடித்திருக்கும் முத்திரையைத் தேடுங்கள். மரக்கட்டை உடைந்தால் மாற்றிவிடுவார்கள். பெட்டியை அவ்வளவு எளிதில் மாற்ற மாட்டார்கள். அதனால்தான் அது சொல்வதை முதலில் நம்பலாம்.

சோவியத் கால மோசின் நாகாந்த் ரைஃபிளில் நட்சத்திரம் இருந்தால் தூலா ஆலை, முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க் ஆலை, இரண்டும் ரஷ்யாவில். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய எஸ்எம்எல்இ லீ என்ஃபீல்ட் ரைஃபிளில் போல்ட் கைப்பிடிக்குக் கீழே, வலப்பக்கம், கிரீடமும் ஆலைப் பெயரும் ஆண்டும் வரிசையாக இருக்கும்: என்ஃபீல்ட் (இங்கிலாந்து), லித்கோ (ஆஸ்திரேலியா), இஷாப்பூர் (இந்தியா) என்று. தூசும் கிரீஸும் அடைத்திருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், பள்ளங்கள் நிழலாகத் தெரியும். தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள்!

ஒரு முத்திரையோடு நிறுத்தினால் ஏமாறலாம். ஃபின்லாந்து ராணுவம் ரஷ்யப் பெட்டிகளிலேயே தன் ரைஃபிள்களைச் செய்தது. அவற்றில் சதுரத்துக்குள் 'எஸ்ஏ' (SA, ஃபின்லாந்து ராணுவம் என்பதன் சுருக்கம்) என்ற முத்திரை கூடுதலாக இருக்கும், பெட்டியின் பின்வாலின் (பின்னால் நீளும் பட்டையின்) அடியில் பழைய ரஷ்ய ஆண்டு ஒளிந்திருக்கும். அதைப் பார்க்கக் கட்டையைக் கழற்றியாக வேண்டும்.

ஜப்பானிய அரிசாக்கா ரைஃபிளில் பேரரசரின் சின்னமான 16 இதழ் செவ்வந்தி முத்திரையைப் பலவற்றில் தேய்த்து அழித்துவிட்டார்கள். அங்கே பெட்டியின் இடப்பக்கத்தில் உள்ள ஆலைக்குறிதான் துணை. முத்திரை அடியோடு தேய்ந்ததிலோ, உதிரிகளைச் சேர்த்துப் பூட்டியதிலோ இந்த வழி செல்லாது. அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்து விற்றவற்றின் குழலில் இருக்கும் நிறுவனப் பெயரும் பெரும்பாலும் இறக்குமதியாளருடையதுதான்.