கொழும்பு வீட்டில் சீனியையும் பிரஷரையும் சாப்பாட்டால் குறைப்பது: சோற்றின் அளவு, இலைக்கஞ்சி, கைமருந்து

சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று மூன்று பெயர் சொன்னாலும் சாப்பாட்டில் முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான். தட்டில் சோறு பிடித்திருக்கும் இடத்தில் பாதியை மரக்கறிக்குக் கொடுக்க வேண்டும். கைமருந்து அதற்குப் பிறகு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மதியம் குவித்த சோறு அப்படியே இருக்கும், காலையில் வெந்தயத் தண்ணீர் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீரால் அந்தச் சோற்றை ஈடுகட்ட முடியாது.

தொடங்குமுன் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சீனி, இடுப்பளவு மூன்றையும் எழுதி வையுங்கள். வெறும் வயிற்றுச் சீனி ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் வழமை, 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் மறுபரிசோதனையிலும் வந்தால் நீரிழிவு. அரச வைத்தியசாலைகளோடு இயங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க எண் இல்லாவிட்டால், எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

சோறு

கையால் அள்ளிப் போட்டால் அளவு நாளுக்கு நாள் கூடும். 200 மில்லிலீற்றர் தேநீர்க் கோப்பை ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மதியம் தட்டையாக நிரப்பிய ஒரு கோப்பைச் சோறு, கூடினால் ஒன்றரை. ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 40 கிராம் மாச்சத்து இருக்கிறது. தட்டின் பாதி கீரையும் மரக்கறியும், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு அல்லது கடலை. உருளைக்கிழங்கு, மரவள்ளி, பலாக்கொட்டை மூன்றும் மரக்கறிக் கணக்கில் வராது. சோற்றோடு உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்தால் சோற்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும்.

சாப்பிடும் ஒழுங்கும் முக்கியம். முதலில் கீரையும் மரக்கறியும், பிறகு மீனும் பருப்பும், கடைசியில் சோறு. நார்ச்சத்தும் புரதமும் முன்னே போனால் இரைப்பையிலிருந்து மாச்சத்து மெதுவாக இறங்கும், சீனியும் ஒரேயடியாக ஏறாது. குழைத்துச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். முதல் ஐந்தாறு வாய் மரக்கறியை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் குழைத்தாலும் பலன் உண்டு.

கோட்டையிலும் கொம்பனித்தெருவிலும் வேலை செய்பவர்களுக்குச் சோற்றுப் பார்சல்தான் சிக்கல். ஒரு பார்சலில் இரண்டு பேருக்கான சோறும் அரை ஆளுக்கான மரக்கறியும் இருக்கும். வாங்கும்போதே “சோறு அரைவாசி, மரக்கறி கூட” என்று சொல்லுங்கள். கடைக்காரர் கேட்காவிட்டால், சாப்பிடத் தொடங்குமுன் பாதிச் சோற்றை வேறாக எடுத்து வையுங்கள். பாதி சாப்பிட்ட பிறகு நிறுத்தலாம் என்றால் நடக்காது.

சிவப்பரிசி வெள்ளையை விட நல்லது, தவிடு இருப்பதால். ஆனால் மூன்று கோப்பைச் சிவப்பரிசிச் சோறு மூன்று கோப்பைச் சோறுதான். குரக்கனும் இப்படித்தான். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் மைபோல அரைத்த மாவில் செய்த குரக்கன் பிட்டை இரண்டு குழல் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். கொஞ்சம் கரடாகத் திரித்த மாவு வாங்குங்கள்.

உங்கள் உடம்புக்கு எது பொருந்துகிறது என்று, வீட்டிலேயே சீனி பார்க்கும் குளுக்கோமீற்றர் கருவியே சொல்லும். முதல் வாய்க்கு முன்பு ஒரு தடவை, அதிலிருந்து 2 மணித்தியாலம் கழித்து ஒரு தடவை பாருங்கள். நீரிழிவு உள்ளவருக்கு இரண்டாவது எண் பொதுவாக 180க்குக் கீழே நிற்க வேண்டும். இன்று இடியப்பம், நாளை பாண், மறுநாள் கஞ்சி என்று பார்த்தால் ஒரு கிழமைக்குள் உங்கள் வீட்டுக்கான பட்டியல் கிடைத்துவிடும்.

இலைக்கஞ்சி

காலையில் பாணுக்குப் பதில் வைக்க இதைவிட நல்லது கொழும்பில் இல்லை. தெருவோரத்தில் கொலகெந்த என்று விற்கும் இலைக்கஞ்சியில் இலை குறைவாகவும் அரிசி கூடவும் இருப்பதுண்டு. வீட்டில் செய்வதே மேல்.

நான்கு பேருக்குச் சிவப்புப் பச்சையரிசி அரைக் கோப்பை, தண்ணீர் 5 கோப்பை, உள்ளி 4 பல்லு, அழுத்தி அளந்த இலை 2 கோப்பை, இரண்டாம் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை, உப்பு அரைத் தேக்கரண்டி. இலை வல்லாரையாகவோ கறிவேப்பிலையாகவோ முடக்கொத்தானாகவோ சாத்தாவாரியாகவோ இருக்கலாம். ஒரே இலையைத் தினமும் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இலையைக் கழுவுவதில்தான் அதிகம் தவறுகிறார்கள். வல்லாரை சேற்றோடு ஒட்டி வளர்வது. வேரை நறுக்கி எறிந்து, தண்ணீரை மூன்று தடவை மாற்றி அலசி, உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு மறுபடி அலச வேண்டும். கால்வாயோரம் பிடுங்கிய கங்குன் கீரை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எந்தக் கங்குனையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

அரிசியை இரவே ஊறவிடுங்கள். காலையில் உள்ளியோடு சேர்த்து அவியவிட்டு, நன்றாகக் குழைந்ததும் அகப்பையால் மசியுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு இலையை அரையுங்கள். நன்றாக அரைபட்டால் வடிக்கத் தேவையில்லை. வடித்தால் நாரெல்லாம் சக்கையோடு போய்விடும். முடக்கொத்தானும் கறிவேப்பிலையும் திப்பியாக நின்றால் மட்டும் வடியுங்கள். கஞ்சியில் முதலில் தேங்காய்ப்பாலையும் உப்பையும் சேர்த்து இளஞ்சூட்டில் கிளறி, கடைசியாக இலைச்சாற்றை விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள்.

கஞ்சி பழுப்பாகிக் கசந்தால் சாறு விட்ட பிறகு கூட நேரம் கொதித்திருக்கிறது. தொடர்ந்த சூட்டில் பச்சையம் நிறம் மாறிவிடும். அடுப்பில் இருக்கும்போது தேசிக்காய் பிழிந்தாலும் இதேதான். திரைந்து போயிருந்தால் தேங்காய்ப்பாலைப் பெருநெருப்பில் கொதிக்கவிட்டதாலே. தடிப்பாக வரவேண்டும் என்று அரிசியைக் கூட்டாதீர்கள். மேலே சொன்ன அளவில் ஒருவருக்கு 20 கிராம் மாச்சத்துக்கு உள்ளேதான் வரும், அதுதான் இந்தக் கஞ்சியின் பலமே. கஞ்சியைக் குடித்துவிட்டு வழமையான பாணையும் சாப்பிட்டால் பலன் போச்சு. ஓர் அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி அவித்த கௌபியோ சேர்த்தால் மதியம்வரை தாங்கும். கித்துள் கருப்பட்டியும் சீனிதான். கடிப்பதானால் நகத்தளவு.

தேத்தண்ணியும் உப்பும்

ஒரு கோப்பைக்கு 2 தேக்கரண்டி சீனி, நாளுக்கு 3 கோப்பை என்றால் 25 கிராமைத் தாண்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் முழு நாளுக்கும் விரும்பத்தக்க எல்லையாகச் சொல்வதே ஏறத்தாழ அவ்வளவுதான். கிழமைக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். போத்தல் பானங்களில் 2016 முதல் நிறக்குறியீடு உண்டு. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

உப்பு ஓர் ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. பாண், மாசி, ஊறுகாய், சூப் கட்டி எல்லாம் அதற்குள்ளே அடங்க வேண்டும். நான்கு பேர் வீட்டில் காலையில் 2 தேக்கரண்டி உப்பைச் சிறு கிண்ணத்தில் போட்டு, அன்றைய சமையல் முழுவதையும் அதிலேயே முடியுங்கள். கருவாட்டைச் சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கைமருந்து

வெந்தயம் ஒரு தேக்கரண்டி இரவில் ஊறப்போட்டு, காலையில் தண்ணீரோடு விதையையும் மென்று விழுங்க வேண்டும். பலன் தரும் நார் விதையில்தான் இருக்கிறது, தண்ணீரை மட்டும் குடித்தால் பாதிதான். கூடினால் வயிறு ஊதும். கர்ப்பிணிகள் மருந்தளவில் எடுக்கக்கூடாது. கறுவா போடுவதானால் சுருளுக்குள் சுருளாக, கையால் நொறுங்கும் இலங்கைக் கறுவாவைப் போடுங்கள். தடித்த பட்டையாக வரும் கசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், தொடர்ந்து கூடுதலாக எடுத்தால் ஈரலைப் பாதிக்கலாம்.

பாவற்காய் கறியாக வந்தால் சாப்பாடு, தினமும் சாறாகக் குடித்தால் மருந்து. சீனிக்குக் குளிசை போடுபவரோ இன்சுலின் ஏற்றுபவரோ சாறும் குடித்தால் சீனி ஆபத்தாக இறங்கலாம். கோதல ஹிம்புட்டு என்ற மூலிகையும் அப்படியே. கை நடுங்கி வியர்த்தால் உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக்கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். சிறுநீரகம் பழுதானவர்கள் கீரையின் அளவை வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கொலஸ்ட்ரோலுக்கென்று காமரங்காச் சாறும் பிலிம்பிக்காய்ச் சாறும் குடிப்பதை அடியோடு நிறுத்துங்கள். இவற்றிலுள்ள ஒக்சலேற் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து, நல்ல சிறுநீரகமே செயலிழந்த சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியிருக்கின்றன. சிறுநீரக நோயாளிக்குக் காமரங்காப் பழமே ஆகாது, அதிலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கும்.

தடிமனுக்கு 2 மேசைக்கரண்டி கொத்தமல்லியை இலேசாக வறுத்து, ஒரு துண்டு இஞ்சி தட்டிப்போட்டு, 3 கோப்பைத் தண்ணீரை ஒன்றரையாக வற்றவிட்டுக் குடிக்கலாம். காய்ச்சல் என்றால் கதை வேறு, கொழும்பில் டெங்கு எப்போதும் இருக்கிறது. பரசிற்றமோல் தவிர அஸ்பிரினோ இபுபுரூபனோ வேண்டாம். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். பப்பாசி இலைச்சாற்றை நம்பி அந்த நேரத்தை வீட்டில் கழிக்காதீர்கள்.

சரக்கு வாங்கப் புறக்கோட்டை கபோஸ் லேனுக்குப் போவதானால் தூள் வேண்டாம், முழுதாக வாங்கி வீட்டில் இடியுங்கள். பெயரும் திகதியும் இல்லாத கலவைத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, சில நேரம் ஸ்டீரொயிட்டும் இருக்கும். ஆயுர்வேத மருந்தே வேண்டுமென்றால் பொரளை ஆயுர்வேத போதனா வைத்தியசாலையில் காட்டலாம். இங்கிலிஷ் மருந்துத் துண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.